மேசைமேல் ஒரு காவிரி

நவராத்திரி வந்துவிட்டால் ஸ்ரீரங்கத்திலும் உறையூரிலும் கொலுப்படிகளுக்கு முன்னால், தரையில் இன்னோர் ஊர் முளைக்கும். மணலைப் பரப்பி, கேழ்வரகையோ கடுகையோ தூவி வயலாக்குவார்கள். கண்ணாடித் துண்டு குளமாகும். களிமண் குன்றின் உச்சியில் முருகன் கோயில் ஏறும். அட்டைப் பாலத்தின் மேல் பொம்மைக் கார் நிற்கும். வீடுகளில் இதற்குப் ‘பார்க்’ என்று பெயர். படி பெரியவர்களுக்கு, பார்க் பிள்ளைகளுக்கு என்பது எழுதாத சட்டம். இதே கைவேலை உலகின் வேறு பக்கங்களில் மேசைமேல் நடக்கிறது. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போன்ற விளையாட்டுகளில் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிறார்கள். அந்தக் கதை நடக்கும் மலையையும் ஆற்றையும் பாலத்தையும் ஆர்வலர்கள் தங்கள் கையாலேயே செய்கிறார்கள். இரண்டிலும் பொருள்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நம்முடையது பார்ப்பதற்கு, அவர்களுடையது ஆடுவதற்கு. இந்த வேறுபாட்டை நம் பள்ளிகள் கவனிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

பார்ப்பதற்காகச் செய்த மாதிரி எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கொலுவில் செட்டியார் பொம்மை குன்றைவிட உயரமாக இருக்கலாம். அதுவும் ஓர் அழகுதான். ஆட்டக் களத்தில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே வழக்கமான மனித உருவம் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உயரம். அதாவது சுமார் அறுபதில் ஒரு பங்கு. அதன் அடித்தட்டு 25 மில்லிமீட்டர் அகலம். இருவர் எதிரெதிரே வந்து பாலத்தில் ஒதுங்கிப் போக வேண்டுமானால் தளம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. தெர்மாகோலில் கூர் மழுங்கிய பென்சிலால் கோடு அழுத்தினால் கல் வரிசை வரும். கறுப்புச் சாயத்தைத் தண்ணீர் மாதிரி கரைத்து ஊற்றினால் அது பள்ளங்களில் தங்கும். காய்ந்தபின், சாயம் துடைத்த தூரிகையால் வெளிர் சாம்பலை மேலோட்டமாக இழுத்தால் ஒவ்வொரு கல்லும் எடுப்பாகத் தெரியும். அலங்காரம் இவ்வளவுதான். அதற்கு முன்பே தூண் எங்கே, கரை எவ்வளவு உயரம், வெள்ளம் வந்தால் எது மூழ்கும் என்று தீர்மானித்திருக்க வேண்டும். தவறு இருந்தால் ஆட்டத்தின் முதல் சுற்றிலேயே எதிராளி சொல்லிவிடுவார்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 1812இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யப் பிரபு, இடம் மாற்றி அடுக்கக்கூடிய நிலத்துண்டுகள் கொண்ட போர்ப் பயிற்சி மேசை ஒன்றைத் தம் மன்னருக்குச் செய்து கொடுத்தார். இத்தகைய மேசை விளையாட்டுகளின் வம்சாவளி அங்கிருந்து வருகிறது. நம் நாட்டில் 1916இல் தொடங்கிய புனே மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையமும், 1944இல் தொடங்கிய பூண்டி நீரியல் ஆய்வு நிறுவனமும் அணைகளையும் மதகுகளையும் சிறிதாகக் கட்டி, தண்ணீர் விட்டுச் சோதித்துப் பார்க்கின்றன. கணினிகள் வந்த பிறகும் அந்த மாதிரிகள் ஓய்வு பெறவில்லை. மணலை அரித்துக்கொண்டு ஓடும் தண்ணீரைக் கணக்கில் முழுமையாகப் பிடிப்பது கடினம் என்பதே காரணம்.

இப்படிச் செய்து பார்த்துக் கற்பது திருச்சிக்கு மிகவும் பொருந்தும். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டுக்கும் நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. அதன் கிழக்கு முனையில் கல்லணை. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. காவிரியில் மணல் மேடிட மேடிடத் தண்ணீர் அந்தப் பக்கமே சாய்ந்து, தஞ்சைப் பாசனம் தவித்தது. அதைத் திருப்பவே 1836இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை எழுப்பினார். தட்டையான வரைபடத்தில் இரண்டு ஆறும் இரண்டு நீலக் கோடுகள். மேடு பள்ளம் வைத்துச் செய்த களத்தில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் காட்டனின் கவலை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். 2018 ஆகஸ்டில் அதே மேலணையின் 45 மதகுகளில் 9 உடைந்தன. அதே மாதம், 1928இல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்களும் சரிந்தன. தூணின் காலடி மணல் அரிபட்டால் பாலம் என்ன ஆகும் என்பதைச் செய்தித்தாளில் படிப்பது வேறு, மணல் தட்டில் நட்ட தூண் சாய்வதைப் பார்ப்பது வேறு. கோரையாறும் உய்யக்கொண்டானும் குடமுருட்டியும் நெருங்கும் இடத்தில் இருக்கும் உறையூர்ப் பிள்ளைகளுக்கு இது பாடநூல் விஷயம் மட்டுமல்ல, தெரு விஷயமும்கூட.

அளவு பார்த்துச் செய்வதிலேயே பாதிக் கணிதம் வந்துவிடும். முக்கொம்பிலிருந்து கல்லணை வரை சுமார் 30 கிலோமீட்டர் என்று கொண்டு, பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் 3 மீட்டர். வகுப்பறையில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்தால் போதும். ஆனால் 83 மீட்டர் உயர மலைக்கோட்டை வெறும் 8 மில்லிமீட்டராகிவிடும். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் அதைவிடக் குட்டை. எனவே உயரத்தை மட்டும் ஐந்து மடங்காக்க வேண்டும். அப்போது மலைக்கோட்டை 4 சென்டிமீட்டர். எதைப் பெரிதாக்கினோம், ஏன் என்று மாணவர்கள் களத்தின் ஓரத்தில் எழுதி வைக்க வேண்டும். பிறகு ஆட்டம்: ஒருவர் மதகுகளைத் திறக்கும் பொறியாளர், ஒருவர் டெல்டா விவசாயி, ஒருவர் தீவில் கடை வைத்திருப்பவர், ஒருவர் உறையூர்வாசி. மேட்டூரிலிருந்து வரும் தண்ணீர் எவ்வளவு என்பதைப் பகடை சொல்லும்.

ஆட்சேபங்கள் வரும். செயற்கைக்கோள் படம் கைப்பேசியிலேயே இருக்கிறதே என்பார்கள். அந்தப் படத்தை யாரோ செய்து தந்தார்கள். கரையின் உயரத்தைத் தானே முடிவு செய்தவனுக்குத்தான் அது தப்பினால் என்ன ஆகும் என்று தெரியும். தெர்மாகோல் குப்பை என்பது நியாயமான குறை. டிவி, பிரிட்ஜ் பெட்டிகளில் வந்து சேரும் துண்டுகளும், அட்டையும், காகிதக் கூழும், மரத்தூளும் போதும். புதிதாக ஒரு தாள்கூட வாங்கக் கூடாது என்று விதிக்கலாம். தேர்வு நெருக்கடியில் விளையாட்டா என்பவர்கள், இப்போதைய அறிவியல் கண்காட்சிகளை ஒருமுறை சுற்றிப் பார்க்கட்டும். கடையில் வாங்கிய மாதிரியும் பெற்றோர் இரவு முழுக்க ஒட்டிய மாதிரியும்தான் பல மேசைகளில் நிற்கின்றன. நேரம் அங்கும் செலவாகத்தான் செய்கிறது, கற்பதுதான் குறைவு. சாமி பொம்மைகளுக்கு முன்னால் பகடையா என்ற தயக்கமும் வேண்டாம். கிரிக்கெட் மைதானத்தையும் ரயில்வே ஸ்டேஷனையும் கொலுவுக்குள் எப்போதோ அனுமதித்த வீடுகள்தாம் இவை.

பள்ளிக்கல்வித் துறை பெரிய திட்டம் எதுவும் தீட்ட வேண்டியதில்லை. திருச்சிப் பள்ளிகளின் கண்காட்சிகளில், கடைச் சரக்குக்குப் பரிசில்லை என்று அறிவித்துவிட்டு, சொந்த ஊரின் ஆற்றையும் பாலத்தையும் அளவோடு செய்து ஆடிக் காட்டும் குழுவுக்கு ஒரு பரிசு வைத்தால் போதும். வீடுகளில் அதற்கும் முன்பே தொடங்கலாம்: வரும் நவராத்திரிக்கு ரெடிமேட் பார்க் வாங்காதீர்கள், பிள்ளைகளிடம் ஒரு மூட்டை மணலும் ஓர் அளவுகோலும் கொடுங்கள்.