நம் கடலும் ஒரு பழைய படகும்

மேனாட்டு இளைஞரிடையே ஒரு நல்வழக்கம் உண்டு. நண்பர் இருவர் கூடிப் பழைய மோட்டார்ப் படகொன்றை மலிவான விலைக்கு வாங்கித் தம் கையாலேயே பழுதுபார்த்து, மத்தியதரைக் கடலில் துறைமுகந்தோறும் தங்கித் திங்கட்கணக்கில் சுற்றி வருவர். இதனைச் செல்வர்தம் விளையாட்டென்று நம்மவர் எண்ணுவர். யாம் அங்ஙனம் எண்ணவில்லை. அதனை ஒரு கல்வி என்றே கொள்கின்றோம். அக்கல்வி நம் இராமநாதபுரக் கடற்கரையில் நம் மாணவர்க்கும் கிட்டுதல் வேண்டும் என்பதே யாம் ஈண்டு வற்புறுத்த விழைவது.

நம் கடல் அதற்குத் தகுதியற்றதன்று. சென்னைக் கவர்னராய் 1763 முதல் 1767 வரை இருந்த இராபர்ட் பாக் என்பாரின் பெயரைத் தாங்கிய பாக் விரிகுடா பெரும்பாலும் ஆழங்குறைந்தது. மத்தியதரைக் கடலைப் போலவே ஏற்றவற்றமும் சிறிது. கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்று வீசுங்கால் இவ்வடகடல் கொந்தளிக்கும். இராமேசுவரத் தீவிற்குத் தென்பால் உள்ள மன்னார் வளைகுடாவோ அடங்கிக் கிடக்கும். ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்று எழுந்தால் நிலைமை தலைகீழாகும். அதற்கேற்பப் படகுகளைக் கரை மாற்றிக் கட்டுவது அங்குள்ள மீனவர் வழக்கம். ஒரு சிறு தீவின் இருபுறத்தும் இருவேறு குணமுடைய கடல்கள் அமைந்திருப்பது மாணவனுக்கு எத்துணைப் பெரிய பாடம்!

கடற்பிரயாணம் இக்கரையார்க்குப் புதியதுமன்று. பாம்பன் இரயில் பாலம் 1914-இல் திறக்கப்படுமுன் இராமேசுவர யாத்திரிகர் யாவரும் படகேறியே தீவை அடைந்தனர். விவேகானந்தர் 1897-இல் இலங்கையினின்று வந்து இறங்கியதும் பாம்பனருகே குந்துகால் துறையிலேயாம். அப்துல் கலாம் அவர்களின் தந்தையார் மரப்படகு கட்டி யாத்திரிகரைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் சென்றவர். அப்படகைப் புயல் கொண்டுபோயிற்று. தனுஷ்கோடியினின்று தலைமன்னாருக்குச் சென்ற ‘இர்வின்’, ‘கோஷன்’ என்னும் நீராவிக் கப்பல்களைப் பழைய மாணவருள் மூத்தோர் கேட்டாவது அறிந்திருப்பர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்தினின்று நடந்த கப்பற்போக்கும் 1980-களில் இலங்கைக் கலவரத்தால் நின்றது. 1988-இல் சாலைப் பாலம் வந்தது. 2025 ஏப்ரலில், நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய இரயில் பாலமும் திறக்கப்பட்டது. பாலங்களால் விளைந்த நன்மையை யாம் மறுக்கவில்லை. ஆயினும் கடலைக் கடப்பது எளிதாக எளிதாக, கடலை அறிவது அரிதாயிற்று. சன்னலோரம் இருந்து சில நிமிடம் பார்த்துவிட்டு, ‘கடலைக் கண்டேன்’ என்கின்றோம்.

பழைய படகு என்று யாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிய விரைவுப் படகு ஏறினவனைக் கொண்டுபோய் இறக்கிவிடும். அவனுக்கு ஒன்றும் கற்பியாது. பழைய படகோ மணிக்கு ஐந்தாறு கடல்மைலுக்கு மேற் செல்லாது. கரையைப் பார்க்கவும், காற்றின் திசையைக் குறிக்கவும், நீரின் நிறங்கண்டு பார் இருக்குமிடம் அறியவும் நேரம் தரும். பலகை இடுக்கில் நீர் கசியும். டீசல் வடிகட்டியில் அழுக்கு அடையும். அவற்றைக் கவனிப்பவனே பிரயாணி, அவனே தொழிலாளி.

சென்ற பங்குனியில் யாமும் நண்பர் ஒருவரும், முதிய மீனவர் ஒருவரைத் துணையாகக் கொண்டு, உரியவர்க்கு அறிவித்து, தொண்டியினின்று மண்டபம் நோக்கி இத்தகைய படகொன்றிற் சென்றோம். தேவிபட்டினத்திற்குத் தெற்கே, குளிர்நீர் ஏறும் குழாயைக் கடற்புல் அடைக்கவே, என்ஜின் சூடேறி நின்றது. நண்பர் கருவிப் பெட்டியைத் திறந்தார். பெரியவரோ, “தம்பி, என்ஜின் எங்கும் போகாது, படகு போய்விடும். முதலில் நங்கூரத்தைப் போடுங்கள்” என்றார். நங்கூரம் தரையைப் பற்றுமுன்னரே நீரோட்டம் எம்மைக் கிழக்கே வெகுதூரம் ஈர்த்திருந்தது. அன்று யாம் கற்றதை எந்த நூலும் எமக்கு அத்துணை ஆழமாக உணர்த்தியதில்லை.

ஈண்டுதான் எம் கருத்தின் உயிர்நிலை உளது. 1974, 1976 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் இந்தியாவிற்கும் இலங்கைக்கும் இடையே கடலெல்லை வகுத்தன. அவ்வெல்லை வரைபடத்திற் கோடு, அலையின்மேற் கோடில்லை. எல்லை தாண்டினரென மீனவர் சிறைப்படுஞ் செய்தியைப் பத்திரிகையிற் படித்து, கற்றோர் சிலர் மீனவரைக் குறை கூறுவர். சிலர் அண்டை நாட்டை ஏசுவர். மீன் தேடி அறிந்தே கடப்பாரும் உளர். என்ஜின் நின்று இழுபட்டுக் கடப்பாரும் உளர். அக்கரையில் நம் விசைப்படகுகளின் இழுவலையால் வாழ்விழக்கும் வடபுலத் தமிழ் மீனவரும் உளர். ஒரு நாளேனும் நீரோட்டத்தில் மிதந்தவன் இவ்வழக்கை எளிதாகத் தீர்த்துப் பேசான். கடலறிவு மீனவரிடத்தும், கடலைப் பற்றித் தீர்ப்பளிக்கும் அதிகாரம் கடலறியாதாரிடத்தும் பிரிந்து கிடப்பதே நம் கரையின் பெருங்குறை.

இஃது அபாயமன்றோ என்பர் பெற்றோர். அபாயம் உண்டு. ஆதலினாற்றான் காற்றடங்கிய பருவமும், மிதவைச் சட்டையும், வானொலிக் கருவியும், அநுபவமுள்ள துணையும் வேண்டுமென்கின்றோம். தீவுகளின் பவளம் கெடுமென்பர் வேறு சிலர். அதுவும் மெய்யே. 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் அனுமதியின்றி இறங்குதலும், பவளப் பார்மேல் நங்கூரமிடுதலும் ஆகா. செலவு மிகுமென்பார்க்கு, கலாசாலை விழாவொன்றின் பந்தலும் விளக்கும் கொள்ளும் பணத்தை நினைவூட்டுகின்றோம்.

ஆதலின் எம் வேண்டுகோள் இது. கலாசாலை ஒரு பழைய படகை வாங்குக. மாணவரே அதனைச் செப்பனிடுக. முதிய மீனவர் ஒருவரை, கூலியாளாக அன்றி, ஆசிரியராக மதித்து, ஆசிரியர்க்குரிய ஊதியமும் தந்து அமர்த்துக. பழைய மாணவர் பொருளுதவி புரிக. ஆண்டுதோறும் பங்குனியில் நண்பர் இருவர் இருவராகச் சென்று வருவாராயின், சில ஆண்டுகளில் காற்றின் பெயரும் நீரின் போக்கும் அறிந்த பட்டதாரிகள் இந்நாட்டில் தோன்றுவர். அவருட் சிலர் நாளை அதிகாரிகளாகவும் நியாயாதிபதிகளாகவும் அமரக்கூடும். அப்போது கரையில் வலையுலர்த்தும் ஏழைக்குத் தன் கடலறிந்த ஒருவர் முன் தன் வழக்கைச் சொல்லும் பேறு கிட்டும்.