வெனிஸின் நல்ல மாதம் நவம்பர்

நவம்பர் 21 அன்று வெனிஸ் நகரத்தில் ஒரு பாலம் கூடுதலாக இருக்கும். நகரை இரண்டாகப் பிரித்து வளைந்தோடும் பெருங்கால்வாயின் குறுக்கே, சில நாட்களுக்காக மட்டும் கட்டப்படும் பாலம் அது. பாட்டிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், படகோட்டிகள், அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொன்னவர்கள் எல்லோரும் கம்பளிக் கோட்டுக்குள் ஒடுங்கியபடி அதன்மேல் நடந்து மறுகரையிலுள்ள சலூத்தே மாதா கோயிலுக்குப் போவார்கள். கோயிலில் ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அங்கே பயணிகளும் இருப்பார்கள். ஆனால் அன்றைக்கு நகரம் அவர்களுக்காக இயங்குவதில்லை, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இது ஒரு நேர்த்திக்கடன். 1630-31இல் வந்த கொள்ளைநோய் வெனிஸில் ஏறக்குறைய 46,000 பேரைக் கொண்டுபோனது. மூன்றில் ஒருவர் போனார் என்று கணக்கு. நோய் நின்றால் மாதாவுக்குக் கோயில் கட்டுவதாக நகர ஆட்சிமன்றம் வேண்டிக்கொண்டது. பால்தசாரே லொங்கேனா என்ற கட்டடக்கலைஞர் 1631இல் வேலையைத் தொடங்கினார். சேற்றில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரக்கழிகளை அறைந்து அவற்றின்மேல் அந்த வெண்ணிறக் குவிமாடத்தை எழுப்பினார்கள். 1687இல் கோயில் அபிஷேகம் கண்டபோது லொங்கேனா இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. வேண்டுதலை மட்டும் நகரம் இன்றுவரை விடவில்லை.

அன்று வீடுகளில் காஸ்த்ராதீனா கொதிக்கும். உப்பிட்டுப் புகையில் உலர்த்திய ஆட்டிறைச்சியை முட்டைக்கோஸோடு நெடுநேரம் வேகவைக்கும் சூப் அது. கொள்ளைநோய்க்கு அஞ்சி மற்றவர்கள் ஒதுங்கியபோது, அட்ரியாட்டிக் கடலின் எதிர்க்கரையான தல்மாத்தியாவின் மக்கள் மட்டும் இந்த இறைச்சியைக் கப்பலில் அனுப்பினார்கள் என்றும், அந்த நன்றியை மறவாமல்தான் வருடத்துக்கொரு முறை இதைச் சமைக்கிறார்கள் என்றும் சொல்வார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து புறப்படும் ஐரோப்பியச் சுற்றுலாக்களில் பல, பள்ளி விடுமுறையை ஒட்டி ஏப்ரலிலும் மே மாதத்திலும் கிளம்புகின்றன. பத்து நாளில் ஆறேழு நாடுகள். அதில் வெனிஸுக்கு அரை நாள் கிடைத்தால் அதிகம். பேருந்து த்ரோன்கெத்தோ நிறுத்தத்தில் இறக்கிவிடும். படகில் புனித மாற்கு சதுக்கம், ஒரு கண்ணாடிப் பட்டறையில் பத்து நிமிடச் செய்முறை விளக்கம், அரை மணி நேரத்துக்கு 90 யூரோ என்ற அதிகாரபூர்வக் கட்டணத்தில் ஒரு கோந்தோலா சவாரி, புறாக்களோடு ஒரு படம். இருட்டுவதற்கு முன் எல்லோரும் தரைப்பகுதியிலிருக்கும் மெஸ்த்ரே ஓட்டலுக்குத் திரும்பியாக வேண்டும். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் போகிறவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. அவர்களுக்கு இதுதான் வெனிஸ் என்று விற்கப்படுகிறது. குறை விற்கிற முறையில் இருக்கிறது. அதே பணத்தில், நவம்பர் கடைசியிலோ ஜனவரியின் நடுவிலோ, அங்கேயே மூன்று இரவு தங்கும்படி ஒரு பயணத்தைத் திட்டமிட முடியும்.

தங்குவது ஏன் முக்கியம் என்பதற்குப் பதில், ரியால்த்தோ பாலத்துக்குப் பக்கத்தில் சான் பர்த்தொலொமேயோ சதுக்கத்து மருந்துக் கடைச் சன்னலில் இருக்கிறது. 2008 முதல் அங்கே ஒரு மின்னணுப் பலகை, கால்வாய் நகரத்துக்குள் வாழ்பவர்கள் எத்தனை பேர் என்று காட்டிவருகிறது. 1951இல் அங்கே சுமார் 1,75,000 பேர் இருந்தார்கள். 2022 ஆகஸ்டில் அந்த எண் 50,000க்குக் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டே, பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை ஊர்க்காரர்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. ஒரு மளிகைக்கடை மூடி முகமூடிக்கடை திறக்கிறது. ஒரு தாத்தா இறந்ததும் பேரன் அந்த வீட்டை நாள்வாடகைக்கு விடுகிறான். ஊர் இப்படித்தான் கரைகிறது.

நகர நிர்வாகம் கண்ட மருந்து நுழைவுக் கட்டணம். 2024 ஏப்ரல் 25இல் தொடங்கி, அந்த ஆண்டில் 29 நாட்களுக்கு, இரவு தங்காமல் வந்துபோகிறவர்களிடம் 5 யூரோ வாங்கினார்கள். சுமார் 4,85,000 பேர் கட்டினார்கள். வசூல் ஏறக்குறைய 24 லட்சம் யூரோ. 2025இல் நாட்கள் 54 ஆயின. கடைசி நேரத்தில் பதிவு செய்கிறவர்களுக்குக் கட்டணம் 10 யூரோ ஆனது. இது கூட்டத்தைக் குறைக்கும் என்று நம்புவது கடினம். ஐரோப்பாவுக்கு விமானம் ஏறி வந்தவர் ஒரு காப்பியின் விலைக்காகத் திரும்பிப் போகமாட்டார். ஆனாலும் அந்தப் பட்டியலில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. கட்டண நாட்கள் எல்லாமே வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் வருகின்றன. இரவு தங்குகிறவர்களுக்கு, அறை வாடகையோடு தங்கல் வரி போய்விடுவதால், இந்தக் கட்டணம் கிடையாது. எப்போது, எப்படி வந்தால் ஊருக்குப் பாரமில்லை என்பதை நிர்வாகமே சொல்லிவிட்டது.

குளிர்காலம் என்றதும் எல்லோரும் கேட்பது தண்ணீரைப் பற்றி. பயம் நியாயமானதுதான். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் அட்ரியாட்டிக் கடலின் நீளவாக்கில் தெற்கிலிருந்து ஷிரோக்கோ காற்று அடிக்கும். குறுகிய கடல், வடக்கு முனையில் வெனிஸ். காற்று தள்ளிவரும் நீர் அங்கே வந்து குவியும். காற்றழுத்தம் தாழ்ந்திருந்து, அமாவாசையோ பௌர்ணமியோ சேர்ந்துகொண்டால் கடல் ஏற்றம் நகருக்குள் புகுந்துவிடும். அவர்கள் இதை அக்வா ஆல்த்தா, உயர்நீர் என்கிறார்கள். 1966 நவம்பர் 4இல் நீர்மட்டம் 194 சென்டிமீட்டர். 2019 நவம்பர் 12 இரவு 187. இந்த அளவுகள் 1897இல் குறித்த கடல்மட்டத்திலிருந்து எண்ணப்படுபவை. அதற்குப் பிறகு கடல் ஏறியும் நிலம் இறங்கியும் இடைவெளி முப்பது சென்டிமீட்டருக்கு மேல் சுருங்கிவிட்டது. எதிரே மார்கேரா தொழிற்பேட்டைக்காக நிலத்தடி நீரை உறிஞ்சியது அந்தச் சரிவில் ஒரு பங்கு. பிறகுதான் அதை நிறுத்தினார்கள்.

இப்போது மோசே இருக்கிறது. கடலைப் பிளந்தவரின் பெயரை நினைவூட்டும் இந்தத் திட்டத்தில், நகரைச் சூழ்ந்த காயலின் மூன்று வாய்களிலும் சேர்த்து 78 மஞ்சள் நிற இரும்புக் கதவுகள் கடலடியில் படுத்திருக்கின்றன. ஏற்றம் வரும்போது அழுத்திய காற்றை உள்ளே செலுத்தினால், நீர் வெளியேறி, கதவுகள் கீலில் எழுந்து நிற்கும். 2003இல் தொடங்கிய வேலை 500 கோடி யூரோவுக்கு மேல் விழுங்கியது. 2014இல் ஊழல் வெடித்துப் பலர் கைதானார்கள். 2020 அக்டோபர் 3இல் முதன்முறையாகக் கதவுகள் உண்மையான ஏற்றத்தைத் தடுத்தபோது, புனித மாற்கு சதுக்கத்தின் கற்கள் உலர்ந்திருப்பதைப் பார்த்து ஊர்க்காரர்கள் நம்பமுடியாமல் நின்றார்கள். இரண்டு மாதம் கழித்து டிசம்பர் 8இல் முன்னறிவிப்பு பிசகியது. கதவுகளை எழுப்பவில்லை, சதுக்கம் மூழ்கியது.

நீர் 110 சென்டிமீட்டர் வரும் என்று கணித்தால்தான் பொதுவாகக் கதவுகள் எழும். அடிக்கடி மூடினால் காயலின் நீர் கடலோடு கலக்காது, துறைமுகமும் முடங்கும். புனித மாற்கு சதுக்கமோ நகரத்திலேயே தாழ்ந்த இடம், அதைவிடக் குறைந்த ஏற்றத்திலேயே நனைந்துவிடும். அங்குள்ள பேராலயத்தைச் சுற்றி 2022இல் கண்ணாடித் தடுப்பு வைத்தது இதனால்தான். எனவே முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக்கொள்வது நல்லது. மரப்பலகை நடைமேடைகளில் வரிசையாக நடக்க வேண்டியிருக்கும். சில மணி நேரத்தில் நீர் வடிந்துவிடும். கடைக்காரர்கள் தள்ளுகோலோடு வாசலுக்கு வருவார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் காற்றழுத்தம் உயர்ந்து நிற்கும் நாட்களில் கடல் வற்றும். 2023 பிப்ரவரியில் சிறு கால்வாய்கள் வறண்டு, கோந்தோலாக்கள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. ஆம்புலன்சும் படகாக இருக்கும் ஊரில் இது வேடிக்கையல்ல. கால்வாயைத் தூர்வாரும்போதும் ஆபத்து இருக்கிறது. 1996 ஜனவரி 29 இரவு, லா பெனீச்சே இசையரங்கு தீப்பிடித்து எரிந்தபோது பக்கத்துக் கால்வாயைத் துப்புரவுக்காக வற்றவைத்திருந்தார்கள். தீயணைப்புப் படகுகள் நெருங்க முடியவில்லை. தண்ணீரின்மேல் கட்டிய நகரத்தில் தண்ணீர் கிடைக்காமல் ஓர் அரங்கு சாம்பலானது. தீ வைத்த குற்றத்துக்காக மின்பணியாளர்கள் இருவர் தண்டிக்கப்பட்டனர். அரங்கு 2003 டிசம்பரில் மீண்டும் திறந்தது.

அந்தத் தீக்கு முந்தைய நாள் நியூயார்க்கில் ஒருவர் இறந்திருந்தார். ஜோசப் பிராட்ஸ்கி. லெனின்கிராடில் பிறந்து, சோவியத் அரசால் 1972இல் வெளியேற்றப்பட்டு, 1987இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர். வெளியேற்றப்பட்ட அதே ஆண்டு டிசம்பரில் முதல்முறையாக வெனிஸ் வந்தவர், பிறகு ஏறக்குறைய ஒவ்வொரு குளிர்காலத்திலும் வந்தார். கோடையில் வருவதை அவர் விரும்பியதில்லை. வெனிஸின் குளிரைப் பற்றித் தனி நூலே எழுதினார். கடைசியில் அவர் உடலை அங்கே கொண்டுவந்து, சான் மிக்கேலே என்ற கல்லறைத் தீவில் அடக்கம் செய்தார்கள். பெருங்கால்வாயின் எதிர்க்கரை தெரியாத ஒரு ஜனவரிக் காலையில் நின்று பார்த்தால் அவருக்கு என்ன பிடித்தது என்பது புரியும்.

அந்த மூடுபனிக்கு வெனிஸ்காரர்கள் கைகோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது இறங்கும்போது வபோரெத்தோ எனும் பயணப் படகுகள் ராடார் பார்த்து ஊர்கின்றன. மோட்டார் வண்டியே இல்லாத ஊரில், பனி மிச்ச ஓசைகளையும் வடிகட்டிவிடும். காலடிச் சத்தம், கோயில் மணி, படகு கரையில் உரசும் ஓசை ஆகியவை மட்டும் மிஞ்சும். பகலில் 6, 7 டிகிரி, இரவில் பூஜ்யத்தை ஒட்டி. சென்னைக்காரருக்குக் கடுங்குளிர்தான், ஆனால் தாங்கமுடியாததல்ல. டிசம்பரில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். அதற்குப் பிறகு பாக்கரோ எனப்படும் சிறு கடைகள் நிரம்பும். சதுரமாக வெட்டிச் சுட்ட பொலெந்தா, அதாவது மக்காச்சோளக் களி. அதன்மேல் கருவாட்டுக் காட்மீனை எண்ணெயில் குழைத்த பூச்சு. சைவர்களுக்குச் சுட்ட ரதிக்கியோ கீரை கிடைக்கும், கசப்பும் இனிப்புமாக. வடக்கே திரெவிசோவில் குளிர்காலத்தில் விளைவது. மீன்காரரும் வழக்கறிஞரும் தோளோடு தோள் நின்று சாப்பிடுவார்கள். கோடையில் இந்த இடத்தில் நிற்கவே முடியாது.

எல்லாரும் குளிர்காலத்துக்கு மாறிவிட்டால் அதுவும் கெட்டுவிடாதா என்ற கேள்வி எழும். கெட்டுப்போன நாட்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 1797இல் நெப்போலியனிடம் குடியரசு வீழ்ந்த பிறகு மங்கிப்போன கார்னிவல் முகமூடித் திருவிழா 1979 வாக்கில் உயிர்பெற்றது. இப்போது பிப்ரவரியின் அந்த நாட்களில் வாடகை பலமடங்கு ஏறி, சந்துகள் அடைத்துப்போகின்றன. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலும் அப்படியே. இந்த இரண்டையும் தவிர்த்தாக வேண்டும். தங்குவதற்குக் குடியிருப்பு வீட்டை நாள்வாடகைக்கு எடுக்காமல் ஓட்டலையோ மடங்கள் நடத்தும் விடுதியையோ தேர்ந்தெடுப்பது நேர்மை. ஜனவரி 6 அன்று அங்கே இருக்க முடிந்தவர்கள், வயதான படகோட்டிகள் பெபானா எனும் சூனியக்கிழவி வேடம் கட்டிப் பெருங்கால்வாயில் துடுப்புப் போடும் பந்தயத்தைக் கரையிலிருந்து ஊரோடு சேர்ந்து பார்க்கலாம்.

பொறுமையாக ஓரிடத்தைப் பார்ப்பதற்கு வெனிஸ்காரர் ஒருவரே முன்மாதிரி. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ தமிழ்க் கடற்கரைக்கு வந்தார். முத்துக்குளிப்பு எந்த மாதம் தொடங்கி எப்போது முடியும், மன்னருக்குப் பத்தில் ஒரு பங்கு எப்படிப் போகும், குளிப்பவர்களைச் சுறா தீண்டாமல் மந்திரம் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு ஏன் என்றெல்லாம் அவர் குறித்துவைத்தார். அங்கே காயல் என்ற பெயருள்ள துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் வந்திறங்கியதையும் சொன்னார். நம் கடலோரத்தின் அந்தக் காலத்துச் சித்திரத்தில் ஒரு பகுதி நமக்கு அவர் வழியாகத்தான் கிடைத்தது. அவர் 1324 ஜனவரியில், தம் ஊரின் குளிர்காலத்தில், இறந்தார்.

அவர் குடும்பத்து வீடு இருந்த முற்றம் ரியால்த்தோவிலிருந்து ஐந்து நிமிட நடை. வீடு இல்லை, அதன் இடத்தில் பிறகு எழுந்த மலிப்ரான் அரங்கு நிற்கிறது. முற்றத்துக்கு இன்றும், அவர் நூலுக்கு வழங்கும் அதே மிலியோன் என்றுதான் பெயர். பழைய பைசாந்திய வளைவு ஒன்று அங்கே மிச்சமிருக்கிறது. நவம்பரில் ஒரு மாலை, விளக்கேற்றிய பிறகு போனால், அந்த வளைவுக்குக் கீழே காய்கறிப் பையோடு வீடு திரும்புகிற யாராவது ஒருவர் ‘போனா சேரா’ என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவார்.