மேசைப் பலகையில் ஒரு மின்கிற்றார்

கைவேலையில் விருப்பமுள்ள இளைஞர் பலர் மின்கிற்றாரைக் கண்டதும், இது யந்திரசாலையில் மாத்திரமே உருவாகக்கூடிய பொருள் என்று எண்ணிக் கைவிட்டு விடுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. வீணையின் குடத்தைப் பலாமரத்திற் குடைந்தெடுப்பதற்குப் பரம்பரைத் தேர்ச்சி வேண்டும். அக்குடமே நாதத்தைப் பெருக்குவது. மின்கிற்றாரின் நிலை வேறு. அதன் உருக்குத் தந்தி அதிரும்போது, கீழிருக்கும் காந்தத்தைச் சுற்றிய செப்புக்கம்பிச் சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கின்றது. அதனையே ஒலிபெருக்கி பெரிதாக்குகின்றது. ஆகவே உடற்பலகையின் முதற்கடமை, ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் சுமார் 45 கிலோ இழுவையைத் தாங்கி அசையாது நிற்றலேயாம். இதற்கு நல்ல மரமும், நல்ல பசையும், பொறுமையும் போதும்.

இதற்குச் சான்று வேண்டுவோர் இலண்டனுக்கு அண்மையிலுள்ள பெல்ற்றம் என்னும் ஊரை நோக்குக. 1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பிரையன் மே என்னும் 16 வயது மாணவனும் அவன் தந்தை ஹரோல்டும் வீட்டின் ஓர் அறையில் கிற்றார் ஒன்றைச் செய்யத் தொடங்கினர். கடையில் வாங்கப் பணம் போதவில்லை. ஆனால் தந்தையார் மின்னணுத் தொழிலறிந்தவர். பழைய மேசையொன்றின் ஓக்குப் பலகையும் சாதாரண ஒட்டுப்பலகையும் சேர்ந்து உடலாயின. மேலே மகோகனித் தோற்பலகை ஒட்டப்பட்டது. பழைய கணப்படுப்பொன்றின் மரச்சட்டம் கழுத்தாயிற்று. அதிலிருந்த புழுத்துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். பழைய மோட்டார்ச் சைக்கிளின் வில்லுச்சுருள்களும், தாயாரின் தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்களும் அதிலே இடம்பெற்றன. கைக்கருவிகளைக் கொண்டே ஏறக்குறைய இரண்டு வருடங்கள் உழைத்தனர். பின்னாளில் 'குயீன்' இசைக்குழுவின் மூலம் உலகெங்கும் ஒலித்தது அந்தக் கிற்றாரே.

இனி நம் வேலைக்கு வருவோம். உடலில் கழுத்து பொருந்துங் குழி, காந்தச்சுருள் அமருங் குழி, மின்னுறுப்புகளுக்கான குழி ஆகியவற்றை வெட்டுதலே கடினமானது. தொழிற்சாலைகளில் றூட்டர் என்னுங் குடைவு யந்திரம் இதனைச் செய்கின்றது. அஃதில்லாதவர்க்கு ஓர் எளிய உபாயமுண்டு: ஒரே கனத்த பலகையைக் குடையாமல், பல மெல்லிய பலகைகளிற் குழிகளை முதலில் அறுத்துவிட்டுப் பின்னர் அவற்றை அடுக்கி ஒட்டிவிடுதல்.

உடலின் வழக்கமான கனம் சுமார் 45 மில்லிமீற்றர். இதனை மூன்று அடுக்காகப் பிரிப்போம். மேலடுக்கு 16 மில்லிமீற்றர், நடுவடுக்கு 23, பின்னடுக்கு 6. மேலடுக்கின் அளவு காரணத்தோடு குறிக்கப்பட்டதாகும். திருகாணியாற் பூட்டப்படும் கழுத்துக்குரிய குழியின் ஆழம் ஏறத்தாழ 16 மில்லிமீற்றரே. ஆதலின் மேலடுக்கை ஊடறுத்து வெட்டினால் குழி தானே சரியான ஆழத்துடன் அமையும். நடுவடுக்கின் மட்டமான முகம் அதன் தரையாகிவிடும். காந்தச்சுருளுக்கும் மின்னுறுப்புகளுக்குமுரிய குழிகளை மேலடுக்கு, நடுவடுக்கு இரண்டிலும் வெட்டுக. இவ்வுறுப்புகள் யாவும் மேலே பூட்டும் மூடுதகட்டிலிருந்து தொங்குவனவாதலால் ஆழம் சிறிது மிகுந்தாலும் குற்றமில்லை. கம்பி செல்லும் வாய்க்கால்களையும் நடுவடுக்கில் இப்பொழுதே அறுத்துவிடுக. கழுத்தின் கீழும் பாலத்தின் கீழும் உள்ள மரத்தை மாத்திரம் தொடலாகாது.

சிறிய வில்வாளின் அலகு பலகையின் நடுவரை எட்டாதே என்று சிலர் வினவலாம். மேலடுக்கையும் நடுவடுக்கையும் தனித்தனியே இரண்டு பாதிகளாக எடுத்துக்கொள்க. கழுத்துக்குழியும் காந்தக்குழியும் நடுக்கோட்டின்மேல் அமைவன. ஆகவே ஒவ்வொரு பாதியின் உள்விளிம்பிலும் பாதிக்குழியை அறுத்து, பின்னர் இரு பாதிகளையும் ஒட்டினால் முழுக்குழி கிடைக்கும். மின்னுறுப்புக் குழி ஓரத்துக்கு அண்மையிலிருப்பதால், ஒரு துளையிட்டு அதனூடே வில்வாளின் அலகைச் செலுத்தி அறுக்கலாம். கோட்டுக்கு ஒரு மில்லிமீற்றர் உள்ளேயே அறுத்து, மிகுதியை அரத்தால் தேய்க்க. பின்னடுக்கு ஒரே துண்டான ஒட்டுப்பலகையாக இருப்பின் மேலுள்ள பொருத்துகளைச் சேர்த்துப் பிணிக்கும்.

முதன்முறை செய்பவர் கழுத்தை ஆயத்தமாகவே வாங்கிக்கொள்ளுதல் நன்று. அது கைக்கு வருமுன் குழியை அறுக்கவேண்டாம். வழக்கமான அகலம் 56 மில்லிமீற்றராயினும், கையிலுள்ள கழுத்தே உண்மையான அளவுகோல்.

மரம் நன்கு உலர்ந்ததாக இருத்தல் வேண்டும். நம் நாட்டு மகோகனி இதற்கு ஏற்றது. ஈரக்காற்றில் மரம் அகலவாக்கில் விரியுமாதலால், இரண்டு மரவடுக்குகளின் நாரும் ஒரே திசையில், நீளவாக்கில் ஓடுமாறு வைக்க. ஒட்டவேண்டிய முகங்கள் சீவுளியால் மட்டமாக்கப்பட்டு, வெளிச்சத்துக்கு எதிரே சேர்த்துப் பிடித்தால் இடையில் ஒளி தெரியாதிருத்தல் அவசியம். இடைவெளியைப் பசை நிரப்பிவிடும் என்று நம்புதல் வீண்.

பசை பூசிய பலகைகள் இறுக்கும்போது வழுக்கி விலகும். ஆதலின் மூடுதகடு மறைக்கும் இடங்களில் இரண்டு துளையிட்டு மரமுளைகளைச் செருகுக. வெள்ளை மரப்பசையை இரு முகத்திலும் மெல்லியதாகப் பூசி, ஓரமெங்கும் சுமார் 10 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக இறுக்கிகளைப் பூட்டுக. நடுப்பகுதிக்குக் குறுக்கே தடித்த சட்டங்களை வைத்து இறுக்குக. விளிம்பெங்கும் சிறு முத்துகளாகப் பசை கசியுமாயின் அளவு சரியெனக் கொள்க. கழுத்துக்குழியிற் கசிந்ததை ஈரத்துணியால் உடனே துடைத்தல் வேண்டும். 24 மணித்தியாலம் கைவைக்கலாகாது. பின்பு விளிம்பை அரத்தாலும் மண்கடதாசியாலும் உருட்டி அழகுபடுத்தலாம். தேய்க்கும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள்க. மரத்தூள் சுவாசத்துக்குத் தீங்கானது.

பாலத்தைப் பூட்டுமுன் ஒன்றுக்கு இருமுறை அளந்து பார்க்க. மேல்முனைக் கட்டையிலிருந்து 12ஆம் மெட்டுவரை உள்ள தூரம் எவ்வளவோ, அதே தூரம் அம்மெட்டிலிருந்து பாலத்துக்கு இருத்தல் வேண்டும். 648 மில்லிமீற்றர்த் தந்திநீளத்துக்கு இது 324 ஆகும். தடித்த தந்திகளுக்கு மேலும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் பின்னே தள்ளுதல் வேண்டும். துளையிடுமுன் இரு ஓரங்களிலும் நூல் கட்டிப் பார்த்தால் கழுத்து கோணலா நேரா என்பது வெளியாகும். இதிற் பிழைத்தால் எவ்வளவு அழகிய கிற்றாரும் சுருதி சேராது.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. பிரையன் மே 1970களின் முற்பகுதியில் வானியலாராய்ச்சிப் படிப்பை இடையில் நிறுத்தி இசைக்குழுவோடு சென்றபோது, அதனால் மிகவும் வருந்தியவர் அவர் தந்தையே. தம் கையாற் செய்துகொடுத்த கருவியே தம் மகனைப் படிப்பினின்றும் பிரித்ததைக் கண்ட தகப்பனின் மனத்தை நம் நாட்டுப் பெற்றோர்க்கு விளக்கவேண்டுவதில்லை. எனினும், பின்னர் நியூயோர்க் நகரில் மகனது கச்சேரியை நேரிற் கண்டபோது அவர் மனம் ஆறினார். 2002ஆம் ஆண்டு பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமீது நின்று மகன் அதே கிற்றாரை வாசித்தபோது தந்தையார் உயிருடன் இல்லை. விட்ட ஆராய்ச்சியையும் மகன் மறக்கவில்லை. 2007ஆம் ஆண்டு, 60 வயதில், கலாநிதிப் பட்டத்தைப் பெற்றார்.

பிள்ளை வாளெடுத்தால் படிப்பு கெடும் என்று அஞ்சித் தடுப்பதிலும், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொடுப்பது மேல். இரு கைகள் பிடிக்க, இரு கைகள் அறுக்கும் வேலை இது. தனியொருவர் செய்வது கடினம்.