கூரை உள்ளவனுக்குத்தான் சூரியனா?

மாதம் 300 யூனிட் வரை மின்சாரம் இலவசம், அதையும் சூரியனே தருவான் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது. சூர்ய கர் திட்டம் என்று பெயர். ஒரு கோடி வீடுகளுக்கு என்றார்கள். 75,021 கோடி ரூபாய் என்றார்கள். நம்மவர்களில் சிலர் ஆவலோடு விசாரிக்கப் போனார்கள். முதல் நிபந்தனையிலேயே திரும்பி வந்தார்கள். சொந்த வீடு வேண்டும். பேனல் பதிக்கத் தக்க கூரை வேண்டும். தன் பெயரில் மின் இணைப்பு வேண்டும்.

இந்த மூன்றில் ஒன்றாவது நம்மிடம் உண்டா? தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பெங்களூருக்கு வந்த நாம் இருப்பது லைன் வீட்டில்; ஷீட் போட்ட ஒற்றை அறையில்; கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே அடித்த தகரக் கொட்டகையில். இந்த நகரத்தின் மொட்டை மாடிகளுக்குக் கலவை சுமந்தவர்கள் நாம். அந்த மாடியில் துணி உலர்த்தக்கூட வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும்!

திட்டம் யாருக்குக் கொடுக்கிறது என்று பாருங்கள். ஒரு கிலோவாட் பேனலுக்கு மானியம் 30,000 ரூபாய். இரண்டுக்கு 60,000. மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் ஏறக்குறைய நூறு சதுர அடி தேவை. நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் கிடைக்கும். மாடி பெரிதாக இருந்தால் மானியமும் பெரிது. ஆறுக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுப்பவனுக்கு ஒரு காசும் இல்லை. அந்த 75,021 கோடியில் நாம் தீப்பெட்டி வாங்கும்போதும் சோப்பு வாங்கும்போதும் கட்டிய வரியும் இருக்கிறது.

இது இந்த மாநிலத்தில் புதிய கதை அல்ல. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்க வயலுக்கு 147 கிலோமீட்டர் கம்பி இழுத்தார்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் பாட்டன்மார் பூமிக்கடியில் இறங்கிய அதே தங்க வயல்தான். அந்த மின்சாரம் சுரங்கத்தின் இயந்திரங்களுக்காக வந்தது, குடிசைக்காக அல்ல. நூறாண்டு கழித்து, 2007இல், பெங்களூரில் பெரிய வீடுகளுக்குச் சூரிய வெந்நீர்த் தொட்டி கட்டாயமாயிற்று. வைத்தவர்களுக்குக் கரண்டு பில்லில் தள்ளுபடியும் உண்டு. அந்த வெந்நீரில் பாத்திரம் கழுவும் நம் பெண்கள், தம் வீட்டுக்கு வந்து விறகு மூட்டுகிறார்கள். 2013இல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கூரைச் சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 9 ரூபாய் 56 காசு விலை வைத்தது. அன்று முந்திக்கொண்டு ஒப்பந்தம் போட்டவர்கள் யார்? கூரை உள்ளவர்கள்.

அப்படியானால் சோலாரே பணக்காரன் விவகாரம், நமக்கு எதற்கு என்று நம் சங்கத்திலேயே சில தோழர்கள் பேசுகிறார்கள். இதை நாம் வன்மையாக மறுக்கிறோம். 2017இல் ராஜஸ்தானின் பட்லா பூங்காவுக்கான ஏலத்தில் சூரிய மின்சாரம் யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு வந்துவிட்டது. இவ்வளவு மலிவான ஒன்றை நாம் ஏன் அடுத்தவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? நிலக்கரிப் புகையை விழுங்குகிறவன் யார் என்றும் கேட்க வேண்டும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரித்து எடுக்கும் மின்சாரத்தில் கர்நாடகத்துக்கும் பங்கு வருகிறது. அங்கே நிலம் கொடுத்து, சாம்பலைச் சுவாசித்துக்கொண்டிருப்பது நம் உறவுக்காரன். ராய்ச்சூர் அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்தில் சாம்பலைத் தின்பவன் கன்னட உழைப்பாளி. பேனலுக்குப் புகை இல்லை, சாம்பல் இல்லை. நம் சண்டை பேனலோடு அல்ல. அதன் பலன் யாருக்கு என்பதோடுதான்.

துமகூரு மாவட்டம் பாவகடாவைப் பாருங்கள். சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் பூங்கா. நிலத்தைப் பறிக்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று தொடங்கினார்கள். வறண்ட பூமிக்கு நல்ல பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் நிலமில்லாத கூலிக்காரனுக்குக் குத்தகைப் பணமும் இல்லை, களை எடுக்கும் வேலையும் போயிற்று. அங்கே நிலம், இங்கே கூரை. இல்லாதவன் இரண்டு இடத்திலும் வெளியே நிற்கிறான்.

குடியிருப்பவனுக்குக் கொடுக்க வழியே இல்லை என்று அதிகாரிகள் கை விரிப்பார்கள். அது பொய் என்பதற்குச் சாட்சி கர்நாடக அரசே. 2023 ஜூலையில் வந்த கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் வரை வாடகைதாரருக்கும் உண்டு. வாடகைக்கு இருப்பவனும் மனிதன்தான் என்று ஒப்புக்கொண்ட அந்த முடிவை நாம் பாராட்டுகிறோம். ஆனால் அதிலும் ஓர் ஓட்டை. லைன் வீடுகளில் ஐந்தாறு குடும்பங்களுக்கு ஒரே மீட்டர், ஒரே ஆர்.ஆர். நம்பர். எல்லாரும் சேர்ந்து 200 யூனிட்டைத் தாண்டாமல் எப்படி இருக்கும்? தாண்டினால் முழுப் பில்லும் கட்ட வேண்டும். வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று நம்மிடம் வாங்கிக்கொள்கிறார். மின்சாரத்துக்கு நகரத்திலேயே அதிக விலை கொடுப்பவன் ஒரு பல்பும் ஒரு ஃபேனும் போட்டவன்!

வழி இருக்கிறது. பேனல் எங்கோ ஒரு பொதுக் கூரையில் இருக்கும். அது தரும் யூனிட்டைப் பங்கு போட்டு அவரவர் பில்லில் கழிப்பார்கள். டெல்லி அரசின் 2023ஆம் ஆண்டுச் சூரிய மின்கொள்கை, சொந்தக் கூரை இல்லாதவர்கள் இப்படிக் கூட்டாகச் சேர இடம் கொடுத்தது. பெங்களூரில் பொதுக் கூரைக்கா பஞ்சம்? அரசுப் பள்ளிகள், பஸ் டிப்போக்கள், மார்க்கெட்டுகள், குடிசை மாற்று வாரியக் கட்டடங்கள் எல்லாம் வெயிலில் சும்மா காய்கின்றன. அவற்றில் பேனல் பதித்து, முதல் பங்கை வாடகைக் குடும்பங்களுக்கு எழுது என்கிறோம். மானியத்தை மாடியின் பெயரில் கொடுக்காதே, மீட்டரின் பெயரில் கொடு. அதற்கு முன்னதாக, லைன் வீட்டில் குடும்பத்துக்கு ஒரு தனி மீட்டரைக் கொடு. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுத்தால் அதற்காக மறுக்காதே. பேனல் பதிக்கவும் பராமரிக்கவும் வேண்டிய வேலையை ஐ.டி.ஐ. படித்துவிட்டுச் சும்மா இருக்கும் நம் பிள்ளைகளுக்கும், பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளைகளுக்கும், கலபுரகியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடு.

இதைத் தமிழர் கோரிக்கை என்று யாரும் முத்திரை குத்த வேண்டாம். அதே லைன் வீட்டில் தெலுங்கரும் இருக்கிறார், பீகாரியும் இருக்கிறார். மனுவை மூன்று மொழிகளில் எழுதுகிறோம்.

மனுவுக்குக் கணக்கு வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை குடும்பங்களுக்கு ஒரு மீட்டர், யூனிட்டுக்கு என்ன வாங்குகிறார்கள், ஆர்.ஆர். நம்பர் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி, ஞாயிறு மாலை சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். வீட்டுக்காரருக்குப் பயந்தால் பெயர் எழுத வேண்டாம். தெருவை மட்டும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் போதும், எழுதிக்கொள்ள ஆள் இருக்கும். பெண்கள் கட்டாயம் வரவேண்டும். சப் மீட்டர் கணக்கு அவர்களுக்குத்தான் தெரியும்.