வாத்துக்கு எத்தனை அங்குலம்?

வாத்து சுடுவதற்கு எத்தனை அங்குலத் தோட்டா வாங்க வேண்டும் என்று திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு சகோதரி கேட்டு எழுதியிருக்கிறார். சாம்பாருக்கு எத்தனை புளி என்று கேட்கிற மாதிரி அத்தனை சாதாரணமாகக் கேட்டிருக்கிறார்! வாசகிகள் பயப்பட வேண்டாம். சகோதரி வேட்டைக்குக் கிளம்பவில்லை.

விஷயம் இதுதான். அவருடைய மாமனார் சென்ற வருஷம் காலமாகிவிட்டார். பெரியவரின் பீரோவை ஒழித்தபோது, அடித்தட்டில் பழைய வேஷ்டியில் சுற்றி ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டியில் பதினொரு தோட்டாக்கள். அன்று முதல் வீட்டில் நிம்மதி போயிற்று. "அண்ணி, இந்தக் குட்டைத் தோட்டாவெல்லாம் உதவாது. நீளமாக வாங்கினால் அம்பத்தூர் ஏரியில் ஒரு வாத்தும் தப்பாது" என்கிறாராம் கொழுந்தனார். அமெரிக்காவிலிருந்து மகன், "இங்கே எல்லாரும் மூன்றரை அங்குலம்தான் போடுகிறார்கள், அம்மா" என்று டெலிபோனில் ஒத்து ஊதுகிறான். கணவரோ வழக்கம்போல் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "யார் சொல்வது சரி?" என்று கேட்கிறார் சகோதரி.

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை, அம்மா. ஆனால் ஏன் என்று சொல்ல வேண்டுமானால் தோட்டாவின் வயிற்றைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டில் இருப்பது அநேகமாகப் 'பன்னிரண்டு போர்' துப்பாக்கியாக இருக்கும். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அவ்வளவு அகலம் அதன் குழல். பதினாறு உருண்டையாக உருட்டினால் உருண்டை சிறுத்துப் போகும். ஆகவே பதினாறு போர் என்பது பன்னிரண்டைவிடச் சிறியது. லட்டு பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அகலம் ஒன்றுதான் என்றாலும் தோட்டாவில் நீளம் பல. பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பலவற்றுக்கு 2½ அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். பிற்பாடு 2¾ அங்குலம், 70 மில்லிமீட்டர், சகஜமாயிற்று. அதற்கும் மேல் 3 அங்குலமும் 3½ அங்குலமும் உண்டு.

இங்கேதான் கொழுந்தனார் கவனிக்க வேண்டிய ஆபத்து இருக்கிறது. கொழுக்கட்டையின் வாயை மடித்து மூடுகிறோம் அல்லவா? தோட்டாவின் வாயையும் அப்படித்தான் மடித்திருப்பார்கள். வெடிக்கும்போது அந்த மடிப்பு விரிந்துகொள்ளும். பெட்டியின் மேல் போட்டிருக்கும் நீளம் விரிந்த பிறகு உள்ள நீளம். ஆகையால் 70 மில்லிமீட்டர் தோட்டா சுடுவதற்கு முன் குட்டையாகத்தான் இருக்கும். 65-க்காகக் கடைந்த பழைய துப்பாக்கிக்குள் சமர்த்தாகப் போய் உட்கார்ந்து கொள்ளும். "உள்ளே போகிறதே, சரியாகத்தான் இருக்கும்" என்று விசையை இழுத்தால், மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகிய கழுத்தில் அடைத்துக்கொள்ளும். வாயு வெளியேற முட்டும். அழுத்தம் தாறுமாறாக ஏறும். வயதான குழல் அதைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. குழலுக்குப் பக்கத்தில்தான் சுடுகிறவரின் இடது கையும் கண்ணும் இருக்கின்றன.

துப்பாக்கியின் நீளம் குழலின் அடிப்பக்கத்தில் முத்திரையோடு பொறித்திருக்கும். சில பழைய துப்பாக்கிகளில் அதுவும் இராது. துப்பாக்கி அறிந்தவர் அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மாமனார் குட்டைத் தோட்டா வைத்திருந்தார் என்றால் காரணத்தோடுதான் வைத்திருந்திருப்பார். பெரியவர்கள் செய்ததை அவசரப்பட்டுக் கேலி செய்யக் கூடாது!

அமெரிக்காவில் மூன்றரை அங்குலம் வந்த கதை வேறு. கோழியின் இரைப்பையைக் கீறினால் பொடிக்கற்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல் இல்லாத பறவைக்கு அவைதாம் அம்மிக்கல். வாத்தும் அப்படியே. ஏரி அடியில் சிதறிக் கிடக்கும் ஈய ரவைகளைக் கல்லென்று நினைத்து விழுங்கும். ரவை வயிற்றில் அரைபட்டு விஷமாகும். குண்டடி படாமல் தப்பிய வாத்தும் சில வாரங்களில் செத்துப்போகும். இதனால் அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு நாடு முழுவதும் ஈய ரவையைத் தடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் எஃகு ரவை. ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகு 8-க்கும் குறைவு. கனம் குறைந்த ரவை தூரம் போகப் போக வேகம் இழக்கும். அதை ஈடுகட்டப் பெரிய ரவை வேண்டும். பெரிய ரவைக்கு இடம் வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் 1988-ல் வந்த 3½ அங்குலத் தோட்டா. அது கூடுதல் வீரம் அல்ல, கூடுதல் இடம். சுடுகிறவரின் தோளிலும் அதற்கேற்ற உதை விழும். எஃகு ரவை பழைய மெல்லிய குழல்களுக்கு ஆகவும் ஆகாது.

சரி, 65-ஓ 70-ஓ, பொருத்தமான தோட்டாவே கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அப்போதும் அம்பத்தூர் ஏரிக்குப் போக முடியாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ல் அதற்கு வந்த திருத்தமும் நம் தேசத்தில் பொழுதுபோக்கு வேட்டையை அடியோடு முடித்துவிட்டன. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, புள்ளிமூக்கு வாத்து எல்லாமே சட்டத்தின் காவலில் இருக்கின்றன. சுட்டால் சிறை.

அதற்கு முன் நடந்ததெல்லாம் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. ராஜஸ்தானத்தில் பரத்பூர் மகாராஜா வைஸ்ராய்களுக்கு வாத்து வேட்டை விருந்து வைப்பார். 1938-ல் லின்லித்கோ பிரபு வந்தபோது ஒரே நாளில் விழுந்த பறவைகள் 4,273. கணக்கைக் கல்லில் வேறு வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்று அந்த இடம் பறவைகளுக்கான தேசியப் பூங்கா.

நம் செங்கற்பட்டு ஜில்லாக்காரர்கள் அதற்கு நூறு வருஷங்களுக்கும் முன்னாலேயே விழித்துக்கொண்டார்கள் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, கிராமத்து ஜனங்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, இனிமேல் சுடக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவு வாங்கி வந்தார்கள். இது 1790-களின் பிற்பகுதியில். ஜீவகாருண்யம் மட்டும் காரணம் அல்ல. பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். காசு கொடுக்காமல் வரும் உரத்தை எந்தக் குடியானவன் விடுவான்? ஊரின் பெயரிலேயே வேடன் இருக்கிறான் என்பது வேடிக்கை.

வேட்டையைச் சட்டம் நிறுத்தியபோது நஷ்டப்பட்டவர்கள் மகாராஜாக்கள் அல்ல. கொக்கும் காடையும் சுட்டுப் பிழைத்த நரிக்குறவர்கள். அவர்களுடைய நாட்டுத் துப்பாக்கிக்கு அங்குலக் கணக்கே கிடையாது. வாய் வழியே மருந்தைப் போட்டு, நாரை வைத்துக் கெட்டித்து, ரவையைக் கொட்டுவார்கள். கைதான் அளவு. வேட்டை போய், ஊசியும் பாசிமணியுமே பிழைப்பாயிற்று. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்க 2023 வரை ஆயிற்று. கொழுந்தனாரின் ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கும் அவர்கள் வீட்டு அடுப்புக்கும் சட்டம் ஒரே அளவுகோலை வைத்தது. வேறு வழி இருந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் அந்தக் கணக்கு எனக்கு இன்னும் நேராகவில்லை.

இனி அந்த பீரோ. சகோதரி, வாத்தைவிட இதுதான் உங்களுக்கு அவசரம். லைசென்ஸ் மாமனார் பெயரில் இருந்தது. அவரோடு அது போய்விட்டது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். தெரியாமல் இருந்தது என்று சொல்ல முடிந்த நாட்கள் பீரோவைத் திறந்த அன்றோடு சரி. அதைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள்! உள்ளே தோட்டா இருக்கிறதா என்று குழந்தைகள் எதிரில் திறந்து பார்க்கவும் வேண்டாம். கணவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, தகப்பனாரின் பழைய லைசென்ஸ் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் விஷயத்தைச் சொல்லட்டும். அவர்கள் சொல்லும் முறைப்படி அங்கேயோ, லைசென்ஸ் உள்ள துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். ஞாபகார்த்தமாகத் துப்பாக்கி வேண்டும் என்றால் வாரிசு ஒருவர் தம் பெயரில் லைசென்ஸுக்கு மனுப் போடலாம். மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். அதாவது கொழுந்தனாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தப் பதினொரு தோட்டாக்களையும் சேர்த்து ஒப்படையுங்கள். பழைய அட்டைத் தோட்டா ஈரத்தில் ஊதிப் போயிருக்கும். குப்பைத் தொட்டியில் போடுவதும் அடுப்பில் போடுவதும் விபரீதம்.

மார்கழி, தை மாதங்களில் ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை ஆறரை மணிக்கு நின்றால் பறவைகளைப் பார்க்கலாம். கொழுந்தனாருக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். அதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை.