விதைத் தீர்ப்பும் சூபா பாஷையும்

தரச்சான்று பெறாத விதையை விற்பதும் கைமாற்றிக்கொள்வதும் குற்றமென்று கொண்டு, இரண்டாண்டு வரை சிறையும் பத்து லட்சம் ஷில்லிங் வரை அபராதமும் விதித்திருந்த கென்ய விதைச் சட்டப் பிரிவுகள் அரசியல் சாசனத்திற்கு முரணானவை என்று, 15 விவசாயிகள் 2022இல் தொடுத்த வழக்கில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2025 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. இது உழவரை மட்டுமே பற்றிய விவகாரமென்று பாஷை ஆவணத் துறையினர் ஒதுங்கி நிற்பது பிழையென்பதே நம் நிலை.

கென்யாவில் விக்டோரியா ஏரியின் ம்ஃபங்கானோ, ருசிங்கா தீவுகளில் லுவோ பாஷைக்கு இடம்விட்டுத் தேய்ந்துவரும் சூபா பாஷையின் பயிர்ப்பெயர்களை, ஒருமை பன்மை ஒட்டுகளோடு கேட்டெழுதி, பெயர் வகுப்பு அட்டவணையை நிரப்பிவிடுவது எளிது. ஆனால் மணி செறிந்த கேழ்வரகுக் கதிர்களை அறுவடைக்கு முன்பே தனியே கொய்து, வண்டணுகாதபடி அடுப்புப் புகையில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் மூதாட்டியொருத்தி, விதை கேட்டு வந்தவளிடம், இது எந்த மண்ணுக்கு ஆகும், எந்த மழைக்கு விதைக்கலாம், கதிர் முற்றும்வரை எத்தனை நாள் குருவி காக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அளந்து கொடுக்கும் சம்பாஷணை எந்த வினாநிரலிலும் அகப்படாது. நிபந்தனை வாக்கியங்களும் ஏவலின் நயங்களும் காலங்காட்டும் வினைவிகற்பங்களும் தாமே வந்து விழும் இடம் அது. சொற்பட்டியலே ஆவணமாகாது என்று இவ்விதழ் ஓயாமல் வாதித்து வருவது இதனால்தான்.

அந்தச் சம்பாஷணையைத்தான் சட்டம் குற்றச்செயலின் சாட்சியமாக்கி வைத்திருந்தது. பேசுபவரின் க்ஷேமத்தைக் கருதும் ஆய்வாளர் விதை கைமாறும் கணத்தில் பதிவுக் கருவியை நிறுத்துவதன்றி வேறென்ன செய்வார்? 2010ஆம் ஆண்டுச் சாசனத்தின் 7ஆம் ஷரத்து சுதேச பாஷைகளை வளர்ப்பதை அரசின் கடமையாக்கிற்று. 11ஆம் ஷரத்து சுதேச விதைகளின் உடைமையைக் காக்கச் சட்டமியற்றுமாறு பணித்தது. அந்த மையின் ஈரம் காயுமுன், 2012இல், விதைச் சட்டத்தில் இதற்கு நேர்மாறான திருத்தம் நிறைவேறிற்று. விதைத்துறைக்கு மூட்டையில் ஒட்டும் சீட்டுத் தெரிந்தது, கல்வித்துறைக்குப் பாடநூல் தெரிந்தது; விதையோடு சேர்ந்து கைமாறும் பேச்சு எந்த அதிகாரியின் கண்ணிலும் படவில்லை. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் மறைந்துபோன முதியோரின் பேச்சுக்கு யார் பொறுப்பு?

சட்டத்துக்கு அஞ்சி மூடிவைத்த பதிவுகள் இருந்தால், அவற்றைத் தீர்ப்பை நம்பி உடனே திறந்துவிடலாகாது. பேசியவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ மீண்டும் சம்மதம் பெற வேண்டும். இனி, இயல்பான உரையாடற் பதிவு ஒன்றேனும் இணையாத பயிர்ச்சொல் தொகுப்புகளை இவ்விதழ் வெளியிடாது.