கதவும் வேண்டும், கணக்கும் வேண்டும்

2021 ஜூனில் ஹைதராபாத் தனியார் மருத்துவமனை ஒன்றில் மூன்று வயதுக் குழந்தைக்கு ‘ஸோல்ஜென்ஸ்மா’ என்னும் மரபணு மருந்து செலுத்தப்பட்டது. தண்டுவடத் தசைச் சிதைவு நோய்க்கான ஒரே ஒரு தவணை; விலை சுமார் 16 கோடி ரூபாய். முகம் தெரியாத பல்லாயிரம் பேர் கொடுத்த பணம் அது. அமெரிக்கா 2019-லேயே ஒப்புதல் அளித்த அந்த மருந்துக்கு அப்போது இந்தியாவில் ஒப்புதல் இல்லை. சிறப்பு அனுமதியுடன் இறக்குமதி செய்ய வழி இருந்ததால்தான் அது வந்து சேர்ந்தது.

இந்தக் கதவை யாரும் சாத்திவிடக் கூடாது. ஒரு நோயாளியின் சொந்தத் தேவைக்கான இறக்குமதிக்கு 1945-ம் ஆண்டின் மருந்து விதிகளே இடம் தருகின்றன. உயிருக்குப் போராடுபவருக்காக அரசு மருத்துவமனை விண்ணப்பிக்க 2019-ம் ஆண்டின் புதிய விதிகள் வழிசெய்தன. மூன்றாம் கட்டப் பரிசோதனையில் உள்ள மருந்தையும் கருணை அடிப்படையில் பெறுவதற்கான ஏற்பாடு 2020-ல் வந்தது. பரிசோதனையில் சேரத் தகுதியில்லை, வேறு சிகிச்சையும் இல்லை என்று கைவிடப்பட்டவரிடம் பொறுமையாக இருக்கச் சொல்வது நியாயமாகாது.

ஆனால், கதவு திறந்தால் மட்டும் போதுமா? அதற்கும் ஹைதராபாத்தே பாடம் தருகிறது. 2020 ஜூனில் அந்நகரின் ஹெட்டெரோ நிறுவனம், கரோனா சிகிச்சைக்கான ரெம்டெசிவிர் மருந்தைத் தயாரிக்க அவசரகால அனுமதி பெற்றது. ஒரு குப்பி அப்போது 5,400 ரூபாய். ஒவ்வொரு நோயாளியிடமும் எழுத்துபூர்வ ஒப்புதல் வாங்க வேண்டும், மருத்துவமனையில் மட்டுமே தர வேண்டும், சிகிச்சை பெற்ற அனைவரையும் பற்றிய கண்காணிப்புத் தகவலை ஒப்படைக்க வேண்டும் என்பன நிபந்தனைகள்.

2021 கரோனா இரண்டாம் அலையில் நடந்தது நமக்குத் தெரியும். சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் மருந்துச் சீட்டு, சி.டி. ஸ்கேன் அறிக்கை, ஆதார் நகல் சகிதம் விடிய விடிய உறவினர்கள் நின்றார்கள். மருத்துவமனைக்குள் மட்டும் புழங்க வேண்டிய மருந்தைத் தேடி மகனும் மருமகனும் தெருத் தெருவாக அலைந்தார்கள். கள்ளச் சந்தை கொழித்தது.

இதில் பெரிய இழப்பு பணம் அல்ல. அந்த மருந்து யாருக்குப் பயன்பட்டது என்பதை அந்த வரிசைகள் நமக்குச் சொல்லவே இல்லை. மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என 2020 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் முற்றாத, ஆனால் ஆபத்து மிகுந்தவர்களுக்குத் தரலாம் என 2022-ல் பரிந்துரைத்தது. இரண்டுக்கும் அடிப்படை, முறையான ஆய்வுகள். பிளாஸ்மா சிகிச்சைக்கும் இதே கதைதான். 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய ஆய்வு அதனால் பலன் இல்லை என்று 2020-லேயே காட்டியது. ஆனாலும் 2021 மே வரை பிளாஸ்மா கேட்டுக் குடும்பங்கள் அலைந்தன.

எனவே கணக்கு வேண்டும். அது ஒருவர் தலையில் மட்டும் விழும் சுமை அல்ல. சிறப்பு அனுமதியில் வரும் ஒவ்வொரு மருந்துக்கும் நோயாளியின் பெயரை மறைத்து, விளைவை மட்டும் வெளியிடும் பொதுப் பதிவேட்டை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தொடங்கட்டும். நிறுவனங்கள் விற்பனையில் காட்டும் வேகத்தைத் தகவல் தருவதிலும் காட்டட்டும். மருத்துவர்கள், தெரிந்தது எது, தெரியாதது எது என்பதை நோயாளியின் மொழியில் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கட்டும். ‘அதிசய மருந்து’ என்ற தலைப்பை ஊடகங்கள் கைவிடட்டும்.

குடும்பத்தினருக்கும் பங்கு உண்டு. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சங்களில் பணம் கேட்பவரிடம், ‘இது பதிவு செய்யப்பட்ட ஆய்வா?’ என்று கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருத்துவப் பரிசோதனைகளின் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆய்வில் சேர்பவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதே ஐ.சி.எம்.ஆர். நெறிமுறை.

மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியே 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம். எண்ணைக் குறித்துவையுங்கள். நீங்கள் தரும் தகவல் அடுத்த நோயாளிக்குப் பாதுகாப்பு.